டேப்லெட் பரிசு: எத்தனை ஸ்பீக்கர் என்று கேட்காதீர்கள், எழுத்து வருமா என்று கேளுங்கள்

எங்கள் மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மருமக்கள் ஏழு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தோம். ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 வருடம் ஷிப்டு பார்த்தவர் அவர். ஐம்பது வயது தாண்டியதும் காது மந்தமாகத் தொடங்கிவிட்டது. கடையில் விஷயத்தைச் சொன்னோம். "அப்படின்னா இதை எடுங்கக்கா. நாலு ஸ்பீக்கர், சவுண்டு சும்மா அதிரும்" என்றார் விற்பனைப் பையன். காது கேட்காதவருக்குச் சத்தம் கூடுதலாக வேண்டும் என்பது எங்களுக்கும் சரியாகவே பட்டது. மாமா இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அத்தை அதை ஒரு துண்டில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டார்.

"சத்தம் நல்லாத்தாம்மா வருது. என்ன பேசுறான்னுதான் பிடிபடல" என்றார் மாமா.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்க ஒரு வருடம் ஆயிற்று. காது மந்தமான ஒருவருக்கோ, பிறவியிலேயே கேளாத ஒருவருக்கோ டேப்லெட் வாங்க நினைப்பவர்களுக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

சத்தம் வேறு, பேச்சு வேறு

உள்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதன் உட்பக்கம் நெடுக நுண்ணிய மயிர் போன்ற செல்கள். குழலின் வாசல் பக்கம் இருக்கும் செல்கள் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை வாங்கும். உள்ளே போகப் போக இருக்கும் செல்கள் கனத்த, தாழ்ந்த ஒலிகளை வாங்கும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் தினம் எட்டு மணி நேரம், வருடக்கணக்கில் நின்றால் இந்தச் செல்கள் பழுதாகும். அதிலும் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த ஒலியை ஒட்டிய பகுதி. மனிதக் காதில் ஒருமுறை செத்த அந்தச் செல் மறுபடி முளைப்பதில்லை. முதுமையில் வரும் காது மந்தமும் பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளிலிருந்துதான் தொடங்கும்.

இதற்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்தவை, பலமானவை. ச, த, ட, க, ப போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலித்துணுக்குகள் பெரும்பாலும் உயர்ந்தவை, மெல்லியவை. மேல்பகுதி கேட்காத காதுக்கு உயிரொலி வந்து சேரும், மெய் நழுவிப் போகும். கட்டி, சட்டி, தட்டி, பட்டி எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும். ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும், பேசியது எது என்பது தெரியாது. ஸ்பீக்கரைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்கிற ‘ஆ’வும் ‘ஓ’வும் இன்னும் பெரிதாகும், அவ்வளவுதான். வீட்டில் நாம் கத்திப் பேசும்போது "ஏன் கத்துற, கேக்குதுல்ல" என்று பெரியவர்கள் எரிச்சல்படுவது இதனால்தான். அவர்கள் சொல்வது உண்மை. சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

நழுவிப்போன மெய்யெழுத்தைக் கண் வழியாகத் திருப்பிக் கொடுப்பதுதான் கேப்ஷன். அதனால்தான் டேப்லெட் பரிசில் அதை முதலில் வைக்கிறேன்.

கேப்ஷன் என்றால் என்ன

நாம் பொதுவாக எல்லாவற்றையும் சப்டைட்டில் என்கிறோம். கேப்ஷனுக்கும் சப்டைட்டிலுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சப்டைட்டில் என்பது காது கேட்கும், ஆனால் மொழி தெரியாதவருக்காக எழுதப்படுவது. கொரியப் படம் பார்க்கும் நமக்கு வசனத்தின் பொருள் மட்டும் வந்தால் போதும்; கதவு தட்டப்படுவதும் போன் அடிப்பதும் நமக்கே கேட்கிறது. கேப்ஷன் என்பது காது கேட்காதவருக்காக எழுதப்படுவது. வசனத்தோடு, யார் பேசுகிறார், கதவு தட்டப்படுகிறது, பின்னால் குழந்தை அழுகிறது, பாட்டு நின்றது என்பதும் எழுத்தில் வரும். பேய்ப் படத்தில் யாரும் பேசாமல் மாடிப்படியில் காலடிச் சத்தம் மட்டும் வருகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். சப்டைட்டிலில் அங்கே ஒன்றும் இருக்காது. கேப்ஷனில் ‘மாடியில் காலடி ஓசை’ என்று வரும். செட்டிங்ஸில் மொழிப் பெயருக்குப் பக்கத்தில் ‘சிசி’ அல்லது ‘எஸ்.டி.எச்.’ என்ற குறி இருந்தால் அது கேளாதோருக்காக எழுதப்பட்டது என்று பொருள்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இது வந்த கதை தெரிந்தால் இன்று டேப்லெட்டில் எதைத் தேட வேண்டும் என்பது தானே புரியும். 1972இல் பாஸ்டனில் உள்ள டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை எழுத்தோடு ஒளிபரப்பியது. அந்த எழுத்து படத்தின் மேலேயே பதிந்திருந்தது. வேண்டாம் என்றாலும் மறைக்க முடியாது. இதைத் திறந்த கேப்ஷன் என்பார்கள். பிறகு, ஒளிபரப்பு அலையில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் 21ஆவது வரியில் எழுத்தை ஒளித்து அனுப்பி, வேண்டியவர் மட்டும் திறந்து பார்க்கும் முறை வந்தது. இது மூடிய கேப்ஷன். 1980 மார்ச் 16 அன்று ஏ.பி.சி., என்.பி.சி., பி.பி.எஸ். ஆகிய மூன்று அமைப்புகளின் சில நிகழ்ச்சிகளில் அது தொடங்கியது. ஆனால் அதைப் பார்க்கத் தனியாக ஒரு பெட்டி வாங்கி டிவியோடு இணைக்க வேண்டும். காசும் செலவு, தொந்தரவும் அதிகம். 1990இல் ஒரு சட்டம் வந்தது: 13 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள டிவிகளில் அந்தப் பெட்டி செய்கிற வேலையை உள்ளேயே வைத்துத் தயாரிக்க வேண்டும். 1993 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. காது கேளாதவர் தனியாக எதையும் வாங்கத் தேவையில்லாமல் போயிற்று. சத்தமான கடையில் டிவி பார்ப்பவர்கள், ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த குடியேறிகள் என்று மற்றவர்களுக்கும் அது பயன்பட்டது.

டேப்லெட்டிலும் இதே கணக்குதான். எழுத்து இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். படத்தைத் தருகிறவர் எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். கையில் உள்ள கருவி அதைக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திரை ஊமைதான். படம் தருகிறவர்கள் தாமாகவே எழுதிவிடவில்லை. அமெரிக்கக் கேளாதோர் தேசியச் சங்கம் நெட்ஃப்ளிக்ஸ் மீது 2011இல் வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டில், 2014க்குள் அங்குள்ள தன் படங்கள் அனைத்துக்கும் கேப்ஷன் தருவதாக அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் செவித்திறன் குறைந்தோருக்கு எட்டச் செய்வதற்கான தர விதிகளைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019இல் கொண்டுவந்தது. திரையரங்குகளுக்கான வழிகாட்டுதல் 2024இல் வந்தது.

திறந்தது, மூடியது போக மூன்றாவது வகை, யாரும் எழுதி வைக்காத எழுத்து. கருவியே பேச்சைக் கேட்டு அப்போதைக்கப்போது எழுதுவது. யூடியூபில் 2009இல் தானியங்கிக் கேப்ஷன் வந்தது. அதற்காக உழைத்த கென் ஹாரன்ஸ்டீன் என்ற பொறியாளர் காது கேளாதவர். 2019இல் கூகுள் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ என்ற செயலியை வெளியிட்டது. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் டிமிட்ரி கானெவ்ஸ்கி. சிறுவயதிலேயே கேட்கும் திறனை இழந்த ஆராய்ச்சியாளர். வாஷிங்டனில் கேளாதோருக்காக நடக்கும் காலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதைச் சோதித்துச் சரிசெய்தார்கள். கேளாதவர்களே முன்னின்று செய்தது என்பதைப் பயன்படுத்தும்போது உணரலாம். எழுத்தின் அளவு, பின்னணியின் நிறம், பக்கத்தில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று காட்டும் சிறு வட்டம் என்று சின்னச் சின்ன விஷயமெல்லாம் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

தமிழில் வருமா?

நம் வீடுகளுக்கு இதுதான் பெரிய கேள்வி. கடைக்காரர் "கேப்ஷன் வசதி இருக்கு" என்று சொல்வது பொய்யாக இருக்காது. எந்த மொழியில் என்று நாம் கேட்பதில்லை.

மாமா எட்டாம் வகுப்பு படித்தவர். தினமும் காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். ஓடிடியில் உள்ள தமிழ்ப் படங்கள் பலவற்றில் எழுத்து ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. தமிழ் தெரியாதவர்களுக்காகப் போட்டது அது. தமிழ் மட்டும் தெரிந்த, காது கேட்காத ஒருவர் தமிழ்ப் படம் பார்க்க ஆசைப்படுவார் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. மாமா மாதிரி எத்தனையோ பேர் இரவு முழுக்கப் படம் ஓட, முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே சந்தா கட்டுவதற்கு முன், பரிசு பெறுபவர் விரும்பிப் பார்க்கும் நாலைந்து படங்களையோ நிகழ்ச்சிகளையோ திறந்து, எழுத்து மொழிப் பட்டியலில் ‘தமிழ்’ இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எந்தச் செயலியில் கூடுதலாக இருக்கிறதோ அதற்குக் கட்டுங்கள்.

கருவி தானே எழுதும் எழுத்துக்கும் இதே கேள்விதான். இதில் இரண்டு வசதிகளைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று ‘லைவ் கேப்ஷன்’. ஆண்ட்ராய்டில் 2019இலும் ஐபேடில் 2022இலும் வந்தது. டேப்லெட்டுக்குள் ஓடும் வீடியோ, குரல்செய்தி போன்றவற்றின் பேச்சை அடியில் எழுதிக் காட்டும். சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தாலும் எழுதும். இணையமும் தேவையில்லை, எல்லாம் கருவிக்குள்ளேயே நடக்கும். ஆனால் இரண்டிலும் அது ஆங்கிலத்தில் தொடங்கி மெல்ல மெல்ல மற்ற மொழிகளுக்குப் போன வசதி. வாங்கப்போகும் கருவியிலேயே செட்டிங்ஸைத் திறந்து மொழிப் பட்டியலைப் பார்க்காமல் இதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று நான் மேலே சொன்ன லைவ் டிரான்ஸ்கிரைப். இது டேப்லெட்டுக்கு வெளியே, அறைக்குள் நடக்கும் பேச்சை மைக் வழியாகக் கேட்டு எழுதுவது. தொடங்கியபோதே 70க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது, தமிழும் உண்டு. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழுக்கு இணைய இணைப்பு இருந்தால்தான் நன்றாக ஓடும். மாமாவுக்குச் சினிமாவை விட இதுதான் தேவைப்பட்டது. ஒரு வீட்டில் காது கேட்காதவர் இழப்பது வசனங்களை மட்டும் இல்லையே. சாப்பிடும்போது பேத்தி சொல்லும் பள்ளிக்கூடக் கதை, டாக்டர் மாத்திரையைப் பற்றிச் சொல்வது, ரேஷன் கடையில் கூப்பிடுவது, இவையெல்லாம்தான்.

இது எப்படி எழுதுகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏமாற்றம் குறையும். மைக்கில் வரும் ஒலியைச் சிறு சிறு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றும் எந்த எழுத்தொலியாக இருக்கலாம் என்று கருவி ஊகிக்கிறது. பிறகு, முன்னும் பின்னும் வந்த சொற்களை வைத்து, இந்த இடத்தில் எந்தச் சொல் வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. அதனால்தான் ஒரு சொல்லை முதலில் ஒரு மாதிரி எழுதிவிட்டு, வாக்கியம் முடிந்ததும் தானே திருத்திக்கொள்கிறது. புதிதாகப் பார்ப்பவர்கள் எழுத்து மாறுவதைக் கண்டு கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். கோளாறு இல்லை, யோசிக்கிறது.

தமிழில் இதற்குக் கூடுதல் சிக்கல் உண்டு. நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது இன்னொரு தமிழ். ‘பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்பது ராஜபாளையத்தில் ‘பாத்துட்டு வந்துர்றேன்’. நாகர்கோவிலிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் அது வேறு வேறு மாதிரி. ஆள் பெயர், ஊர்ப் பெயர், உறவுமுறை இவற்றில் அடிக்கடி தடுக்கும். எங்கள் அத்தை மூச்சுவிடாமல் பேசுகிறவர்; முதல் வாரம் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் வந்தது. ஒருவர் பேசி முடித்தபின் இன்னொருவர் பேசுவது, மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காமல் இருப்பது, பேசுகிறவர் பக்கம் டேப்லெட்டைத் திருப்பி வைப்பது, இந்த மூன்றையும் வீட்டார் பழகிக்கொண்டபின் நிறையத் தேறியது. சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு மைக்கை இணைத்தால் இன்னும் தெளிவாகும். டாக்டரிடம் போகும்போது அதை அவர் மேசையில் வைக்கச் சொல்லிக் கேட்பேன், யாரும் மறுத்ததில்லை. மாத்திரை அளவு, தேதி, பணத் தொகை மட்டும் தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். ‘பத்து’க்கும் ‘பட்டு’க்கும் கருவி தடுமாறலாம், மாத்திரையில் அந்தத் தடுமாற்றம் கூடாது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் வாசிக்கும்போது எந்தக் கருவியும் உதவாது.

கேளாதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை

எங்கள் பெரியப்பா மகள் பிறவியிலேயே கேளாதவர். கேளாதோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்து, இப்போது தையல் யூனிட் ஒன்றில் மேற்பார்வையாளர். மாமாவுக்காக நான் கற்றுக்கொண்டதையெல்லாம் அப்படியே அக்காவுக்கும் செய்து கொடுத்தேன். பெரிய எழுத்தில் கேப்ஷன், லைவ் டிரான்ஸ்கிரைப், எல்லாம். அக்கா சிரித்துக்கொண்டே டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தோழிக்கு வீடியோ கால் போட்டுச் சைகையில் பேச ஆரம்பித்துவிட்டார்.

அக்காவுக்குத் தாய்மொழி தமிழ் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. அவர் சிந்திப்பதும் சண்டை போடுவதும் கொஞ்சுவதும் சைகை மொழியில். இந்தியச் சைகை மொழி என்பது தமிழையோ இந்தியையோ கையால் எழுதிக் காட்டுவது இல்லை. அதற்கென்று தனி இலக்கணம், தனிச் சொல் வரிசை, முகபாவனைக்கும் இலக்கணப் பொருள். தில்லியில் 2015இல் அதற்கென்றே ஓர் ஆய்வு, பயிற்சி மையம் ஏற்படுத்தப்பட்டு, அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வந்து, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. சைகை மொழியிலேயே வளர்ந்த ஒருவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. நமக்கு ஆங்கிலச் சப்டைட்டில் எப்படியோ, அப்படி. வேகமாக ஓடும் தமிழ்க் கேப்ஷன் சிலருக்குச் சுலபமாக இருக்கும், சிலருக்கு அயர்ச்சி தரும். மாமாவைப் போலப் பாதி வயதுக்கு மேல் கேட்கும் திறன் போனவருக்கோ தமிழ் வாசிப்புதான் உயிர். சைகை ஒன்றும் தெரியாது.

இருவருக்கும் வேண்டிய டேப்லெட் வேறு. அக்காவுக்கு முக்கியம் முன்பக்கக் கேமரா. டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் சாய்த்து வைக்கும்போது கேமரா மேல் நடுவில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் ஒரு கை படத்துக்கு வெளியே போய்விடும்; பேசும்போது பாதி வார்த்தையை விழுங்கினால் எப்படியோ அப்படி. ஐபேடின் அடிப்படை மாடலில் 2022இல் வந்த பத்தாம் தலைமுறையில்தான் கேமராவை நீளமான ஓரத்துக்கு மாற்றினார்கள். பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் அது முன்பே அங்கேதான். சைகை வேகமானது என்பதால் மங்கலான வெளிச்சத்தில் விரல்கள் புகைபோலத் தெரியும். கடையில் கேமராவைத் திறந்து கையை வேகமாக ஆட்டிப் பாருங்கள், விரல் விரலாகத் தெரிய வேண்டும். இரண்டு கையும் பேச்சுக்கு வேண்டும் என்பதால் நிற்க வைக்கும் ஸ்டாண்டு இல்லாமல் அக்காவைப் போன்றவர்களுக்கு டேப்லெட் கொடுப்பது, பேனா இல்லாமல் நோட்டு கொடுப்பது போல. வெளியிலும் பேசுவார் என்றால் சிம் போடும் மாடலாக எடுங்கள்.

பரிசு என்பதால் ரகசியமாக வாங்கத் தோன்றும். இந்த விஷயத்தில் ரகசியம் வேண்டாம் என்பேன். எதில் வாசிக்கப் பிடிக்கும், யாரோடு பேச வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். முடிந்தால் கடைக்கே கூட்டிப் போங்கள்.

கருவியைப் பற்றி

8 அங்குலத்தை ஒட்டியது கைக்கு அடக்கம், எடை குறைவு. 11 அங்குலம் வாசிக்க வசதி, ஆனால் கனம். உதாரணத்துக்குச் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 சுமார் 330 கிராம், அதே வரிசையில் 11 அங்குல ஏ9 பிளஸ் சுமார் 480 கிராம். அரை கிலோவைப் பத்து நிமிடம் கையில் பிடித்துப் பாருங்கள். மேசையில் நிறுத்தி வைத்துப் பார்ப்பவருக்குப் பெரியது, கூடவே எடுத்துப் போகிறவருக்குச் சிறியது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை; எழுத்தைப் பெரிதாக்கினால் சின்னத் திரையில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும், கண் ஓயாமல் ஓட வேண்டியிருக்கும். மாமாவுக்கு இதனால்தான் பெரியதே சரி.

ராம் 4 ஜி.பி.க்குக் குறையாமல் பாருங்கள். வீடியோவும் எழுத்தும் ஒன்றாக ஓடும்போது திணறக் கூடாது. மற்றபடி பிராசசர் எண்ணையெல்லாம் ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

காது மெஷின் போட்டிருப்பவர் என்றால் அதன் பெட்டியை எடுத்துப் பாருங்கள். ஐபோன், ஐபேடோடு நேரே இணையும் மெஷின்கள் உண்டு. ஆண்ட்ராய்டோடு இணையும் மெஷின்களும் உண்டு. இரண்டோடும் இணையாதவையும் உண்டு. மெஷின் எதனோடு சேர்கிறதோ அந்தப் பக்கம் டேப்லெட்டைத் தேர்ந்தெடுப்பது நியாயம். பழைய வகை மெஷின்களில் கழுத்தில் மாட்டும் வளையம் வழியாகக் கேட்கும் வசதி இருக்கும். கம்பியில் இணைக்கும் வளையமானால் அதற்கு இயர்போன் துளை வேண்டும். பத்தாம் தலைமுறை ஐபேடில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் மலிவாகக் கிடைக்கிறதென்று அமேசான் ஃபயர் டேப்லெட் வாங்கி வருவதுண்டு. அதில் கூகுளின் ப்ளே ஸ்டோர் கிடையாது. லைவ் டிரான்ஸ்கிரைப் போன்றவற்றை நேரடியாக ஏற்ற முடியாது. படம் மட்டும் பார்ப்பவருக்குப் பரவாயில்லை, மாமாவைப் போன்றவருக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அழைப்பு மணி, குழந்தை அழுகை, கதவு தட்டும் ஓசை போன்றவற்றைக் கேட்டுத் திரையில் அறிவிக்கும் ஒலி அறிவிப்பு வசதி ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் 2020இல் வந்தது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தீ, கேஸ் கசிவு போன்ற ஆபத்துக்கு அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

கடையில் கேட்க வேண்டியது மிகக் கொஞ்சம். டெமோ டேப்லெட்டில் வைஃபை போடச் சொல்லுங்கள். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, வீட்டில் பார்க்கும் ஒரு வீடியோவை எழுத்தோடு ஓட விடுங்கள். கூட வந்தவரை நாலடி தள்ளி நின்று, நம் ஊர்ப் பேச்சில், வழக்கமான வேகத்தில் பேசச் சொல்லி அது எழுதுவதைப் பாருங்கள். கடையின் இரைச்சல் இதற்கு நல்ல சோதனை. பிறகு கண்ணாடி போடுகிற கண்ணால், கை நீட்டிய தூரத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள்.

பெட்டியைக் கொடுப்பதற்கு முன்

இனிச் சொல்வதை விட்டதால்தான் எங்கள் பரிசு பீரோவுக்குப் போனது. பளபளவென்று தாள் சுற்றி, சீல் உடைக்காமல் கொடுத்தோம். உள்ளே எல்லாம் ஆங்கிலம். கணக்கு தொடங்கச் சொல்லும், ஓடிபி கேட்கும், சம்மதம் கேட்கும். காது கேட்காத, அறுபது வயதானவர் இதை யாரிடம் கேட்பார்? கேட்டாலும் பதில் எப்படிக் கேட்கும்?

சீலை நீங்களே உடையுங்கள். மொழியைத் தமிழாக்குங்கள். செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய் கேப்ஷனை எப்போதும் ஓடும்படி வைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, கருப்புப் பின்னணியில் வெள்ளையோ மஞ்சளோ வைத்துப் பாருங்கள். சில செயலிகள் இந்த அமைப்பை மதிக்காமல் தமக்கென்று ஒன்று வைத்திருக்கும். அங்கேயும் ஒருமுறை போய் மாற்ற வேண்டும். லைவ் டிரான்ஸ்கிரைப்பை ஏற்றி, தமிழைத் தேர்ந்தெடுத்து, முகப்பில் ஒரே தட்டலில் திறக்கும்படி வையுங்கள். பேசியதைச் சேமித்து வைக்கும் வசதி அதில் உண்டு. வீட்டில் எல்லோரும் சம்மதித்தால் ஒழிய அதை அணைத்தே வையுங்கள், அடுத்தவர் பேச்சு அது. பதில் சொல்ல விரும்புபவருக்குக் குரலால் தட்டச்சு செய்யும் வசதி கூகுள் கீபோர்டில் 2017 முதல் தமிழிலும் இருக்கிறது, அதையும் காட்டிக் கொடுங்கள். மாமா போலப் பேச்சு நன்றாக இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுத இது பெரிய துணை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பீரோவிலிருந்து அந்த டேப்லெட்டை எடுத்துச் சார்ஜ் போட்டேன். இத்தனை நாள் நான் புதிதாக ஒன்று வாங்கத்தான் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால், வேண்டிய எல்லாம் அதிலேயே ஓடியது. நாலு ஸ்பீக்கர் டேப்லெட்தான், அதே டேப்லெட். ஒரு மதியம் உட்கார்ந்து மேலே சொன்னதையெல்லாம் செய்தேன். ஒரு தாளில் தமிழில் நாலு வரி எழுதி கவரின் உள்பக்கம் ஒட்டினேன்: எங்கே தொட வேண்டும், எழுத்து நின்றுவிட்டால் வைஃபை பார்க்க வேண்டும், இரவில் சார்ஜ் போட வேண்டும், எதுவும் புரியவில்லை என்றால் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்ப வேண்டும்.

சாயங்காலம் பேத்தி மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூட ஆண்டு விழாவைப் பற்றிச் சொன்னாள். ஓரிரு நொடி தாமதித்து ஒவ்வொரு வரியாக எழுத்து வந்தது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தார். நடுவில் ஒரு பெயர் தப்பாக வந்தது. "இது யாரு, உன் கூட்டாளியா?" என்று கேட்டார். அவள் பெயரைத் திருத்திச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள்.